மாறாச் சான்றெனக் கொள்ளப்பட்ட நொதி: ஜிஏபிடிஎச் எதிர்ப்பொருளின் ஆய்வுக்கூட வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

குளுக்கோஸ் வளர்சிதை மாற்றத்தில் பங்குகொள்ளும் நொதிகளுள் ஒன்று கிளிசரால்டிஹைடு-3-பாஸ்பேட் டிஹைட்ரோஜினேஸ், சுருக்கமாக ஜிஏபிடிஎச். இந்நொதியைக் கண்டறியப் பயன்படும் எதிர்ப்பொருள், உயிரியல் ஆய்வுக்கூடங்களில் மிகப் பரவலாகக் கையாளப்படும் எதிர்ப்பொருள்களுள் ஒன்று. எனினும் அதனைக் கையாள்வோருள் பெரும்பாலோர் இந்நொதியை ஆராய்வோர் அல்லர். வேறொரு புரதத்தின் அளவை ஒப்பிட்டுக் காட்டுவதற்குரிய மாறாச் சான்றாகவே அவர்கள் இதனைக் கொள்கின்றனர். இத்தகுதி இந்நொதிக்கு எவ்வாறு வந்தது என்பதையும், அத்தகுதிக்கு மாறான சான்றுகள் எப்போது கிடைத்தன என்பதையும் இக்கட்டுரை கால வரிசையில் ஆராய்கிறது. ஜிஏபிடிஎச்சின் மாறாத்தன்மை ஆய்ந்து நிறுவப்பட்ட முடிவன்று. வசதியால் நிலைபெற்ற வழக்கமே என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: நொதி, எதிர்ப்பொருள், ஜிஏபிடிஎச், கிளைக்காலிசிஸ், வெஸ்டர்ன் பிளாட், அறிவியல் வரலாறு, சான்று

முன்னுரை

நீரிழிவு, புற்றுநோய் முதலியவற்றைப் பற்றிய உயிர்வேதியியல் கட்டுரைகள் பலவற்றில் ஒரே வகையான படம் ஒன்று இடம்பெறுகிறது. மேல் வரிசையில், ஆய்வுக்குரிய புரதத்தைக் குறிக்கும் கருங்கோடுகள் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் காணப்படும். கீழ் வரிசையில் எல்லாக் கோடுகளும் ஒரே தடிமனாக இருக்கும். அவ்வரிசையின் அருகில் ஜிஏபிடிஎச் என்றோ ஆக்டின் என்றோ டியூபுலின் என்றோ எழுதப்பட்டிருக்கும். கீழ் வரிசை சீராக இருப்பதால் மேல் வரிசையில் தோன்றும் வேறுபாடு உண்மையானது என்று படிப்பவர் ஏற்றுக்கொள்கிறார். அவ்வகையில் கீழ் வரிசை சான்று கூறுவோரின் இடத்தில் நிற்கிறது. அச்சான்றின் நம்பகத்தன்மையை யார், எப்போது சோதித்தனர் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது.

இவ்வினாவுக்கு விடை காண இரு வரலாறுகளை இணைத்துப் பார்த்தல் வேண்டும். ஒன்று, சர்க்கரை நொதித்தலை ஆராய்ந்தோர் கண்ட நொதியின் வரலாறு. மற்றொன்று, நோய்த்தடுப்பை ஆராய்ந்தோர் கண்ட எதிர்ப்பொருளின் வரலாறு. கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு இங்குத் தேவை. ‘நொதி’ என்னும் தமிழ்ச்சொல் நொதித்தல் என்னும் வினையோடு உறவுடையது. 1870களில் ஜெர்மானிய உடலியங்கியல் அறிஞர் வில்ஹெல்ம் கூனே உருவாக்கிய ‘என்சைம்’ என்னும் சொல்லும் ‘ஈஸ்டில் உள்ளது’ என்னும் கிரேக்கப் பொருளையே தாங்கியது. தமிழகப் பாடநூல்கள் ‘நொதி’ என்பதை இலங்கைப் பாடநூல்கள் ‘நொதியம்’ என்கின்றன. தமிழகத்தார் ‘எதிர்ப்பொருள்’ என்பதை இலங்கையார் ‘பிறபொருளெதிரி’ என்பர். இக்கட்டுரை தமிழக வழக்கைப் பின்பற்றுகிறது.

ஈஸ்டுச் சாற்றிலிருந்து நொதி வரை

1897இல் எடுவர்ட் பூஹ்னர், உயிருள்ள செல்கள் இன்றியும் சர்க்கரை நொதிக்கும் என்று அறிவித்தார். ஈஸ்டை மணலோடும் டயட்டம் மண்ணோடும் சேர்த்து அரைத்து, நீரழுத்த எந்திரத்தால் பிழிந்து எடுத்த சாறு அவரது ஆய்வுப் பொருள். சாறு கெடாதிருக்கச் சர்க்கரை சேர்க்கப்பட்டபோது அதிலிருந்து குமிழிகள் எழுந்தன. இவ்வாய்வு நிகழ்ந்த சூழல் நம் பொருளுக்கு இன்றியமையாதது. அவருடைய அண்ணன் ஹான்ஸ் பூஹ்னர் மியூனிக் நகரில் நோய்த்தடுப்பு ஆய்வில் ஈடுபட்டிருந்த நுண்ணுயிரியல் அறிஞர். செல்களின் உட்பொருளைச் சிதையாமல் வெளிக்கொணர வேண்டும் என்னும் தேவை அவ்வாய்விலிருந்தே எழுந்தது. ஆகவே நொதியியலும் நோய்த்தடைகாப்பியலும் தொடக்கத்திலேயே ஓரிடத்தில் சந்தித்துப் பின்னர் நெடுங்காலம் தனித்தனியே நடந்தன எனலாம்.

பூஹ்னரின் சாறு பல நொதிகளின் கலவை. அதனைப் பிரித்தறிவதற்கு ஏறத்தாழ நாற்பதாண்டுகள் ஆயின. இலண்டனில் ஆர்தர் ஹார்டனும் வில்லியம் யங்கும் 1905, 1906ஆம் ஆண்டுகளில் பாஸ்பேட்டின் பங்கை வெளிப்படுத்தினர். 1930இல் டென்மார்க்கின் ஐனர் லுண்ட்ஸ்கோர், அயோடோஅசிட்டிக் அமிலம் ஏற்றப்பட்ட தசை லாக்டிக் அமிலத்தை உண்டாக்காமலே சுருங்குவதைக் காட்டினார். அந்நஞ்சு தாக்குமிடம் ஜிஏபிடிஎச்சே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. குஸ்டாவ் எம்டன், ஓட்டோ மாயர்ஹோஃப், யாகூப் பார்னாஸ் ஆகியோரின் உழைப்பால் 1930களில் குளுக்கோஸ் பிளப்பின் படிகள் வரிசை பெற்றன. இதுவே கிளைக்காலிசிஸ் எனப்படுகிறது.

இவ்வரிசையில் ஆறாவது படி ஜிஏபிடிஎச்சினுடையது. கிளிசரால்டிஹைடு-3-பாஸ்பேட்டை ஆக்சிஜனேற்றி, அதில் கனிமப் பாஸ்பேட் ஒன்றை இணைத்து, 1,3-பிஸ்பாஸ்போகிளிசரேட்டை இந்நொதி உருவாக்குகிறது. உடன் என்.ஏ.டி. ஒடுக்கமடைகிறது. சர்க்கரையில் பொதிந்துள்ள ஆற்றலைச் செல் அடுத்த படியில் ஏ.டி.பி.யாகப் பெறுவதற்கு வழி திறப்பது இவ்வினையே. 1939இல் ஓட்டோ வார்பர்க்கும் வால்டர் கிறிஸ்டியனும் பெர்லினில் ஈஸ்டிலிருந்து இந்நொதியைப் பிரித்துப் படிகமாக்கினர். 1948இல் கெர்ட்டி கோரி, மில்டன் ஸ்லைன், கார்ல் கோரி ஆகியோர் செயின்ட் லூயிஸ் நகரில் முயல் தசையிலிருந்து கிடைத்த படிக நொதியை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டனர். முயல் தசையிலிருந்து மிகுதியாகவும் தூயதாகவும் பெறத்தக்க புரதம் இது என்னும் செய்தி பின்வரும் பகுதிகளில் முதன்மை பெறும்.

வார்பர்க்கின் பெயரோடு மற்றொரு கண்டுபிடிப்பும் இணைந்துள்ளது. புற்றுத்திசு, ஆக்சிஜன் கிடைக்கும் நிலையிலும் குளுக்கோஸை மிகுதியாக லாக்டிக் அமிலமாக்குகிறது என்பதை அவர் 1920களில் காட்டினார். கிளைக்காலிசிஸின் வேகம் திசுவுக்குத் திசு மாறும், நோய்க்கேற்ப மாறும் என்பதே அதன் உட்பொருள். இக்கண்டுபிடிப்பு வெளிவந்த ஆய்வுக்கூடமே ஜிஏபிடிஎச்சை ஈஸ்டிலிருந்து படிகமாக்கியும் தந்தது. அதே நொதி, அரை நூற்றாண்டுக்குப் பின் புற்றுநோய் ஆய்வுகளிலேயே மாறாத அளவுகோலாக வைக்கப்பட்டது. இம்முரணே இவ்வரலாற்றின் மையம்.

மருந்தாகத் தொடங்கிச் சான்றாக மாறிய எதிர்ப்பொருள்

1890இல் பெர்லினில் எமில் பெஹ்ரிங்கும் கிடசாடோ ஷிபசாபுரோவும், தடைகாப்புப் பெற்ற விலங்கின் சீரம் தொண்டை அடைப்பான், இரணஜன்னி ஆகியவற்றின் நச்சை முறிப்பதைக் காட்டினர். எதிர்ப்பொருள் மருந்தாகவே அறிமுகமானது. ஆனால் அதன் தேர்ந்து பற்றும் இயல்பை வேறு நோக்கத்திற்கும் பயன்படுத்தலாம் என்பது விரைவில் உணரப்பட்டது. 1901இல் பால் ஊலன்ஹூட், முயலில் உருவாக்கிய சீரத்தைக் கொண்டு மனித இரத்தக் கறையையும் விலங்கின் இரத்தக் கறையையும் பிரித்தறியும் முறையை வெளியிட்டார். அதே ஆண்டில் ஜெர்மனியின் ரூகன் தீவில் நிகழ்ந்த கொலை வழக்கொன்றில் அம்முறை கையாளப்பட்டது. எதிர்ப்பொருள் சொல்லளவில் அன்றி உண்மையாகவே நீதிமன்றத்தில் சான்றாக நின்ற நிகழ்வு இது.

1926இல் யூரியேஸ் நொதியைப் படிகமாக்கிய ஜேம்ஸ் சம்னர், 1930களின் தொடக்கத்தில் அதற்கெதிரான எதிர்ப்பொருளையும் விலங்குகளில் உருவாக்கினார். நொதி ஒரு புரதம் என்பதே வாதத்திற்குரியதாயிருந்த காலம் அது. 1940களின் தொடக்கத்தில் ஆல்பர்ட் கூன்ஸ் ஒளிரும் சாயத்தை எதிர்ப்பொருளோடு பிணைத்துத் திசுவில் பொருளின் இருப்பிடத்தைக் காட்டினார். எதிர்ப்பொருள் அளவிடும் கருவியாக உயர்ந்தது ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் ஆகியோரின் பணியால். இன்சுலின் ஊசி பெற்றோரின் இரத்தத்தில் இன்சுலினைப் பற்றும் எதிர்ப்பொருள் தோன்றுவதை அவர்கள் 1956இல் வெளியிட்டனர். அத்துணைச் சிறிய புரதத்திற்கு எதிர்ப்பொருள் உருவாகும் என்பதை அன்றைய மதிப்பீட்டாளர்கள் எளிதில் ஏற்கவில்லை. அவ்வியல்பைப் பயன்படுத்தியே இரத்தத்தில் மிக நுண்ணிய அளவிலுள்ள இன்சுலினை அளக்கும் கதிரியக்க முறையை அவர்கள் அமைத்தனர். பெர்சன் 1972இல் மறைந்தார். யாலோவுக்கு 1977இல் நோபெல் பரிசு கிடைத்தது.

இக்காலம் வரை எதிர்ப்பொருள் என்பது ஒரு விலங்கின் சீரமே. பல்வகை எதிர்ப்பொருள்கள் கலந்த அச்சீரத்தின் தன்மை விலங்குக்கு விலங்கு வேறுபட்டது. அவ்விலங்கு இறந்தால் அந்தச் சீரமும் முடிந்தது. 1975இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோலரும் செசார் மில்ஸ்டைனும், எதிர்ப்பொருள் சுரக்கும் சுண்டெலிச் செல்லை மைலோமாப் புற்றுச்செல்லோடு இணைத்து, ஒரே வகை எதிர்ப்பொருளை இடையறாது தரும் செல்வழியை உருவாக்கினர். இதுவே மானோகுளோனல் எதிர்ப்பொருள். எதிர்ப்பொருள் ஒரு விலங்கின் வாழ்நாளைக் கடந்து, பட்டியலிட்டு விற்கத்தக்க பொருளாக மாறுவதற்கு இம்முறை வழிசெய்தது.

ஒற்றியெடுக்கும் முறையும் சீர்மைத் தேவையும்

1970இல் உல்ரிக் லெம்லி, புரதங்களைக் கூழ்மப் பலகையில் மின்புலத்தின் உதவியால் எடைவாரியாகப் பிரிக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். 1979இல் பாசல் நகரில் ஹாரி டவ்பின், தியோஃபில் ஸ்டேலின், ஜூலியன் கோர்டன் ஆகியோர், அவ்வாறு பிரிந்த புரதங்களை நைட்ரோசெல்லுலோஸ் தாளில் ஒற்றியெடுத்து, அத்தாளின்மேல் எதிர்ப்பொருளைச் செலுத்தித் தேவையான புரதத்தை மட்டும் வெளிப்படுத்தினர். அதே ஆண்டில் ரெனார்ட், ரைசர், ஸ்டார்க் ஆகியோரும் ஒத்த முறையொன்றை வெளியிட்டனர். எட்வின் சதர்னின் பெயரால் வழங்கிய டி.என்.ஏ. ஒற்றுமுறையை மனத்திற்கொண்டு, 1981இல் நீல் பர்னெட் இதற்கு வெஸ்டர்ன் பிளாட் என்று பெயரிட்டார். தெற்கு என்னும் பொருள்படும் குடிப்பெயரிலிருந்து விளையாட்டாகப் பிறந்த மேற்கு இது.

இம்முறையில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. ஒவ்வொரு தடத்திலும் ஏற்றப்படும் மொத்தப் புரதத்தின் அளவு கைத்தவற்றால் வேறுபடலாம். ஒற்றும்போது ஒரு பகுதி குறைவாக மாறலாம். ஆகவே தடங்கள் அனைத்திலும் ஒரே அளவு புரதம் உள்ளது என்பதைக் காட்ட ஒரு பொதுப் புரதம் தேவைப்பட்டது. எல்லாச் செல்களிலும் எப்போதும் இயங்கும் அடிப்படைப் பணிகளைச் செய்யும் மரபணுக்கள் பராமரிப்பு மரபணுக்கள் எனப்பட்டன. கிளைக்காலிசிஸ் எல்லாச் செல்களிலும் நிகழ்வதால் ஜிஏபிடிஎச் அவ்வகையில் அடங்கியது. 1980களில் தூது ஆர்.என்.ஏ. ஒப்பீட்டிற்கு அது கையாளப்பட்டது. அவ்வழக்கமே புரத ஆய்வுக்கும் தொடர்ந்தது.

இத்தேர்வுக்கு உதவிய காரணங்களை எண்ணிப் பார்க்கலாம். இந்நொதி செல்லில் மிகுதியாக உள்ளது. ஆகவே கோடு எளிதில் தெரியும். இதன் துணையலகு ஏறத்தாழ 36 கிலோடால்டன் எடையுடையது. பல ஆய்வுப் புரதங்களின் இடத்திலிருந்து விலகி நிற்கும். பரிணாமத்தில் இதன் அமைப்பு அதிகம் மாறவில்லை; எனவே ஓர் எதிர்ப்பொருள் மனிதன், எலி, முயல் எனப் பல உயிரினங்களுக்கும் பயன்படும். முயல் தசையிலிருந்து தூய நொதி எளிதில் கிடைப்பதால் எதிர்ப்பொருள் தூண்டிக்கும் குறைவில்லை. பரவலாக விற்கப்படும் 6சி5 என்னும் மானோகுளோனல் எதிர்ப்பொருள், முயல் தசை நொதியைச் சுண்டெலிக்குச் செலுத்திப் பெறப்பட்டதே. இக்காரணங்கள் அனைத்தும் கண்டறியும் எளிமையைப் பற்றியவை. அளவு மாறாமை பற்றிய காரணம் இவற்றுள் ஒன்றும் இல்லை.

அறிந்தும் மறந்த செய்திகள்

‘எல்லாச் செல்களிலும் உள்ளது’ என்பதும் ‘எல்லாச் செல்களிலும் ஒரே அளவில் உள்ளது’ என்பதும் வெவ்வேறு கூற்றுகள். முன்னது உண்மை. பின்னது உண்மையன்று என்பதற்கான சான்றுகள், இவ்வழக்கம் வேரூன்றிய அதே காலத்தில் வெளிவந்தன. 1985இல் அலெக்சாண்டரும் உடனாய்வாளரும், கொழுப்புச் செல் வளர்ப்பில் இன்சுலின் ஜிஏபிடிஎச்சின் உற்பத்தியை உயர்த்துவதைக் காட்டினர். 1987இல் டோக்குனாகாவும் உடனாய்வாளரும் மனித நுரையீரல் புற்றில் இம்மரபணுவின் வெளிப்பாடு மிகுந்திருப்பதை வெளியிட்டனர். ஆக்சிஜன் குறைபாடும் இதனை உயர்த்தும் என்பது 1990களில் இரத்தக்குழாய் உட்படைச் செல்களில் காட்டப்பட்டது. 2005இல் பார்பரும் உடனாய்வாளரும் 72 வகை மனிதத் திசுக்களில் இதன் தூது ஆர்.என்.ஏ.வை அளந்தனர். மிகுதியாக உள்ள எலும்புத்தசைக்கும் மிகக் குறைவாக உள்ள மார்பகத் திசுவுக்கும் இடையே 15 மடங்கு வேறுபாடு இருந்தது.

நொதியின் பணி பற்றிய கருத்தும் மாறியது. 1991இல் மைக்கேல் சிரோவரின் ஆய்வுக்குழு, டி.என்.ஏ. பழுது நீக்கத்தோடு தொடர்புடைய செயலொன்று இப்புரதத்தில் இருப்பதாக அறிவித்தது. 2005இல் அகிரா சாவா, சாலமன் ஸ்னைடர் ஆகியோரின் குழுவினர், நைட்ரிக் ஆக்சைடின் தாக்கத்தால் ஜிஏபிடிஎச் சியா1 என்னும் புரதத்தோடு இணைந்து உட்கருவுக்குள் சென்று செல்லின் இறப்பைத் தூண்டுவதைக் காட்டினர். 2013இல் எரிக்கா பியர்ஸின் குழுவினர், கிளைக்காலிசிஸில் ஈடுபடாத நிலையில் இந்நொதி டி செல்லின் தூது ஆர்.என்.ஏ. ஒன்றைப் பற்றி இன்டர்ஃபெரான்-காமா உற்பத்தியைத் தடுப்பதை நிறுவினர். செல்லின் நிலையை உணர்ந்து இடமும் பணியும் மாறும் புரதம் இது.

இதன் விளைவை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். இன்சுலின் ஏற்றாத செல்லில் ஆய்வுப் புரதம் 100 அலகும் ஜிஏபிடிஎச் 100 அலகும் இருப்பதாகக் கொள்வோம், விகிதம் 1. இன்சுலின் ஏற்றிய செல்லில் ஆய்வுப் புரதம் மாறாமல் 100 அலகாகவே இருக்க, ஜிஏபிடிஎச் மட்டும் 200 ஆனால் விகிதம் 0.5 ஆகும். ஆய்வாளர், இன்சுலின் அப்புரதத்தைப் பாதியாகக் குறைத்தது என்று எழுதுவார். மாறியது சான்று, மாறியதாகச் சொல்லப்படுவது பிறிதொன்று. புற்றுத் திசுவையும் இயல்பான திசுவையும் ஒப்பிடும்போதும், ஆக்சிஜன் குறைந்த நிலையை ஆராயும்போதும் இதே இடர்ப்பாடு நேரும்.

இதற்கு நேர்மாறான இடர்ப்பாடும் உண்டு. இந்நொதி மிகுதியாக உள்ளமையால், வழக்கமாக ஏற்றப்படும் புரத அளவிலேயே கோடு செறிவெல்லையை எட்டிவிடும். அதற்குமேல் புரதம் கூடினாலும் கோடு தடிக்காது. எக்ஸ்-கதிர்ப் படச்சுருளில் பதிவு செய்த காலத்தில் அதன் குறுகிய அளவெல்லை இக்குறையை மேலும் மறைத்தது. ஏற்றம் சமமாக இருந்ததால் கோடுகள் ஒத்திருக்கலாம். வேறுபாட்டைக் காட்ட இயலாத நிலையை எட்டியதாலும் ஒத்திருக்கலாம். படத்தைப் பார்ப்பவர் இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது.

எதிர்ப்பொருள்மீது எழுந்த ஐயம்

மேற்கூறியவை நொதியின் தன்மையால் எழுந்தவை. எதிர்ப்பொருள் தான் பற்றுவதாகச் சொல்லும் புரதத்தைத்தான் பற்றுகிறதா என்பது வேறொரு வினா. 2015இல் ஆண்ட்ரூ பிராட்பரியும் ஆண்ட்ரியாஸ் ப்ளூக்துனும், 110 அறிஞர்களின் இசைவோடு, ஆய்வுக்குரிய எதிர்ப்பொருள்கள் அவற்றின் அமினோ அமில வரிசையால் வரையறுக்கப்பட வேண்டும் என்று வலியுறுத்தினர். 2016இல் பன்னாட்டுப் பணிக்குழு ஒன்று எதிர்ப்பொருளைச் சரிபார்க்க ஐந்து வழிகளை முன்வைத்தது. மரபணுவை நீக்கிய செல்லில் கோடு மறைகிறதா எனப் பார்த்தல் அவற்றுள் தெளிவானது. 2023இல் வெளிவந்த ஆய்வொன்று, 65 புரதங்களுக்குரிய 614 வணிக எதிர்ப்பொருள்களை இவ்வழியில் சோதித்தது. தனக்குரிய புரதத்தையே பற்றாத எதிர்ப்பொருளின் தரவு, ஒரு புரதத்திற்குச் சராசரியாக 12 கட்டுரைகளில் இடம்பெற்றிருந்தது.

ஜிஏபிடிஎச் எதிர்ப்பொருளின் நிலை இதனின் வேறுபட்டது என்பதைக் கருத வேண்டும். முயல் தசையிலிருந்து கிடைத்த தூய புரதத்தால் உருவான 6சி5 போன்றவை தம் இலக்கைச் செவ்வனே பற்றுகின்றன. சாட்சி கண்டதைச் சரியாகவே சொல்கிறது. கண்டதிலிருந்து ஏற்றம் சமம் என்று முடிவு செய்யும் நம் ஊகத்தில்தான் பிழை உள்ளது. எதிர்ப்பொருளின் தரத்தை மட்டும் உயர்த்துவதால் இப்பிழை நீங்காது.

மாற்று வழி முன்னரே கைவசம் இருந்தது. ஒற்றிய தாளைப் பொன்சோ எஸ் போன்ற சாயத்தில் தோய்த்தால் தடத்திலுள்ள மொத்தப் புரதமும் செந்நிறமாகத் தெரியும். ஒரு புரதத்தை நம்பாமல் அனைத்தின் கூட்டுத்தொகையை அளவுகோலாகக் கொள்ளும் இம்முறை, தனியொரு நொதி ஏறி இறங்குவதால் பெரிதும் பாதிக்கப்படாது. செலவும் குறைவு. ஆயினும் ஒரு கோட்டின் தூய்மை இதற்கில்லை. பல பட்டைகள் கொண்ட செந்நிறத் தடத்தைவிட ஒற்றைக் கருங்கோடு அச்சில் அழகாக அமையும். வழக்கம் நிலைபெற்றதில் இப்படத்தோற்றத்திற்கும் பங்குண்டு எனக் கருத இடமுண்டு.

முடிவுரை

இவ்வாய்வால் மூன்று செய்திகள் புலனாகின்றன. முதலாவது, ஜிஏபிடிஎச் ஒப்பீட்டுச் சான்றாக ஆனதற்குக் கண்டறியும் எளிமையும் மூலப்பொருள் கிடைக்கும் வசதியுமே அடிப்படைகள். இரண்டாவது, அதன் மாறாத்தன்மைக்கு எதிரான சான்று பிற்காலத்தில் திடீரெனத் தோன்றியதன்று. இன்சுலின் அதனை உயர்த்தும் என்பது 1985லேயே அச்சேறியது; கிளைக்காலிசிஸ் புற்றில் மிகும் என்பது அதற்கும் அறுபதாண்டுகள் முற்பட்டது. மூன்றாவது, ஒரு பொருள் ஆராயப்படும் நிலையிலிருந்து ஆய்வுக் கருவி என்னும் நிலைக்கு மாறும்போது, அதைப் பற்றிய அறிவு அதனைக் கையாள்வோரிடம் சென்று சேர்வதில்லை. நொதியியலார் அறிந்ததை ஒற்றுமுறையைக் கையாண்டோர் அறியவில்லை. அல்லது அறிந்தும் பொருட்படுத்தவில்லை.

குளுக்கோஸ் வளர்சிதை மாற்றத்தை ஆராய்வோருக்கு இது நேரடியாகப் பொருந்தும். இன்சுலினின் விளைவை அளக்க, இன்சுலினால் மாறும் நொதியையே அளவுகோலாக வைப்பது முறையன்று. எதிர்ப்பொருளின் பெயர், குளோன் எண், தொகுதி எண் ஆகியவற்றோடு, எடுத்துக்கொண்ட திசுவிலும் சூழலிலும் அளவுகோல் மாறவில்லை என்பதற்கான தரவையும் கட்டுரையிலேயே தருவது நன்று. ஆய்வேடுகளை மதிப்பிடுவோரும் படத்தின் மேல் வரிசையைப் பற்றி வினவும் அதே கண்டிப்போடு கீழ் வரிசையைப் பற்றியும் வினவுதல் வேண்டும்.